சமாரியன் நின்ற பிணையைக் கண்டித் திருச்சபை நிற்குமா?

மார்கழி பிறந்துவிட்டால் கண்டியைச் சூழ்ந்த குன்றுப் பாதைகளில் ஒரு காட்சியைக் காணலாம். நகரத்து ஆலயமொன்றிலிருந்து புறப்பட்ட வண்டி, அரிசி, பருப்பு, பால்மா, பிள்ளைகளுக்குக் கொப்பிகள் ஆகியவற்றைச் சுமந்துகொண்டு கலஹாப் பக்கமோ தெல்தோட்டைப் பக்கமோ வளைந்து வளைந்து ஏறும். லயத்து முற்றத்தில் வரிசை நிற்கும். பொதி கைமாறும். புகைப்படம் எடுக்கப்படும். பொழுது சாய்வதற்குள் வண்டி இறங்கிவிடும்.

பொதியைப் பழிக்க நாம் இதை எழுதவில்லை. பசித்த வயிற்றுக்குத் தர்க்கம் தெரியாது. கொடுத்த கை எதுவாயினும் அதற்கு நன்றி சொல்ல நாம் கடமைப்பட்டவர்கள். ஆனால் வண்டி இறங்கியபின் அந்த லயத்தில் எஞ்சி நிற்பது யாது? பிறப்புச் சாட்சிப் பத்திரமில்லாத கிழவி, உறுதியில்லாத வீடு, வாசிக்க முடியாத சிங்களக் கடிதம், வந்துசேராத சேமலாப நிதி. ஆண்டுக்கொருமுறை பொதி கொடுக்கும் திருச்சபை, ஆண்டு முழுவதும் இவற்றைக் கண்டும் காணாததுபோல் இருக்குமாயின், அதன் விசுவாசம் எவ்வகை விசுவாசம் என்று கேட்க எமக்கு உரிமை உண்டு. எம்முள் நீறு பூசுவோர் உளர், சிலுவை அணிவோர் உளர், இரண்டுமற்றோரும் உளர். கேள்வியோ எல்லோருக்கும் ஒன்றே.

கண்டி திரித்துவக் கல்லூரியின் சிற்றாலயத்தை வாசகர்கள் ஒருமுறையேனும் சென்று பார்க்கவேண்டும். கண்டியரசர் காலத்து மண்டப முறையிலே செதுக்கப்பட்ட கற்றூண்கள் அதைத் தாங்கி நிற்கின்றன. அங்கே டேவிட் பெயின்ரர் தீட்டிய ஓவியங்களுள் நல்ல சமாரியன் ஓவியமும் ஒன்று. கதை யாவரும் அறிந்ததே. கள்வரால் அடிபட்டுக் கிடந்தவனைக் கண்டு குருவும் விலகிப் போனான். கோயிற் பணியாளனும் விலகிப் போனான். வேற்றினத்தான் ஒருவன் நின்று காயங்கட்டினான். பிரசங்கங்கள் பெரும்பாலும் இவ்விடத்தில் முடிந்துவிடுகின்றன. சட்டம் படித்தவர்களுக்கோ எந்தப் பத்திரத்தையும் கடைசி வரிவரை வாசிக்கும் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. அச் சமாரியன் மறுநாட் காலையிற் சத்திரக்காரனிடம் பணமும் கொடுத்தான். அதற்கு மேலாகும் செலவுக்குத் தானே பொறுப்பென்று வாக்கும் கொடுத்தான். தொகை குறிக்கவில்லை, தவணை விதிக்கவில்லை. எம் தொழிலில் இதற்குப் பெயர் பிணை. அதுவும் எல்லையற்ற பிணை. அப்படியொரு பிணையில் ஒப்பமிடும்படி எந்த நியாயவாதியும் தன் கட்சிக்காரனுக்கு ஆலோசனை சொல்லமாட்டான். அயலான் யார் என்ற கேள்விக்கு யேசுநாதர் கொடுத்த விடையோ அதுதான். பொதி கொடுப்பது காயங்கட்டுதல். நாம் கேட்பது பிணை.

கண்டியிலே திருச்சபைக்கும் தோட்டத் தொழிலாளிக்கும் உள்ள தொடர்பு இன்று நேற்று ஏற்பட்டதன்று. 1854இல், கோப்பித் தோட்டங்கள் செழித்திருந்த காலத்தில், ஆங்கிலத் திருச்சபை மிஷனரிமார் 'தமிழ்க் கூலி மிஷன்' என்னும் ஊழியத்தைத் தொடங்கினர். திருநெல்வேலியிலிருந்து உபதேசிமார் வந்தனர். மன்னார்க் கரையிலிருந்து மாத்தளைக்குக் காட்டுவழி நடந்து, வாந்திபேதிக்கும் காய்ச்சலுக்கும் வழிநெடுகப் பலிகொடுத்து மிஞ்சி வந்த மக்களிடம் அவர்கள் தாய்மொழியிலேயே பேசியவர்கள் அவ்வுபதேசிமார். அவர்கள் கற்பித்த எழுத்தை நாம் மறக்கவில்லை. அம் மிஷனுக்குப் பணமுதவியோருள் தோட்டத் துரைமார் முக்கியமானவர்கள் என்பதையும் மறக்கவில்லை. துரையின் சம்மதத்தோடு லயத்துக்குள் நுழைந்த ஊழியம் துரையின் செக்ரோலைப்பற்றி வாய்திறப்பது எங்ஙனம்? 'கூலி' என்ற சொல்லைத் தன் பெயரிலேயே தாங்கி நின்ற அம் மிஷனின் பெயர் பிற்காலத்தில் மாறிற்று. பெயரோடு பழக்கமும் மாறிற்றா என்பதே எம் வழக்கு.

பின்பு சட்டம் வந்தது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டத்தை இன்றைய இளைஞர் பலர் வாசித்திருக்கமாட்டார்கள். அவ்வாண்டு நவம்பர் 15க்கு முன் இந்நாட்டிற் பிறந்த ஒருவன் வம்சாவழிப் பிரஜையாவதற்கு, தன் தந்தை இங்கு பிறந்ததைக் காட்டவேண்டும். அல்லது தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கு பிறந்ததைக் காட்டவேண்டும். காட்டுவது எதைக்கொண்டு? பிறப்பைப் பதிவது ஒழுங்காக நடவாத லயத்திலே பூட்டனின் பத்திரத்தை எந்தக் கூரையிடுக்கில் தேடுவது? அடுத்து 1949இல் இந்திய பாக்கிஸ்தானிய வாசிகள் சட்டம் வந்தது. 1946க்கு முன், மணமாகாதவர் 10 ஆண்டும் மணமானவர் 7 ஆண்டும் இடைவிடாது இங்கு வாழ்ந்ததை நிரூபிக்கவேண்டும் என்றது. 8 இலட்சத்துக்கு மேற்பட்டோர் சார்பில் விண்ணப்பங்கள் குவிந்தன. பிரஜாவுரிமை கிடைத்ததோ ஏறத்தாழ 1,34,000 பேருக்கு. அதே 1949இல் வாக்குரிமையும் பறிபோயிற்று. பக்கத்துக் கேகாலை மாவட்டத்திலே கோடக்கன் பிள்ளை என்பார் தம் பெயரை வாக்காளர் இடாப்பிற் சேர்க்கக் கேட்டுத் தொடுத்த வழக்கு, சோல்பரி அரசியற்றிட்டத்தின் 29ஆம் பிரிவையே துணைக்கழைத்து இலண்டன் பிரிவிக் கவுன்சில்வரை சென்று, 1953இல் அங்கும் தோற்றது. 1964இல் இரு பிரதமர்கள் கூடி 9,75,000 மனிதரைத் தலையெண்ணிப் பங்கிட்டனர்: இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000, மிச்சம் 1,50,000 பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றனர். 1974இல் அம் மிச்சத்தையும் பாதி பாதியாக வெட்டினர். கண்டிப் புகையிரத நிலையத்திலே அழுதழுது பிரிந்த குடும்பங்களைக் கண்டோர் இன்றும் எம்மிடையே இருக்கின்றனர்.

இவையெல்லாம் அரசியல், திருச்சபைக்கு இதில் என்ன வேலை என்று கேட்போர் அன்றும் இருந்தனர், இன்றும் இருக்கின்றனர். அவர்களுக்கு நாம் ஓர் ஆண்டை மட்டும் நினைவூட்டுவோம். 1960ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தால் அரசாங்கம் உதவிநன்கொடை பெற்ற பாடசாலைகளைத் தன் நிர்வாகத்தில் எடுத்தபோது கத்தோலிக்க மக்கள் என்ன செய்தனர்? பாடசாலைக் கட்டிடங்களுக்குட் புகுந்து குந்தினர். தாய்மார் பாயோடும் பானையோடும் வந்து இரவு பகலாகக் காவலிருந்தனர். குருமார் தடுக்கவில்லை, ஆயர்கள் கண்டனம் எழுதினர். அது பிழையென்று நாம் சொல்லவில்லை. தம் பிள்ளைகளின் கல்வி தம் மதத்தில் அமையவேண்டும் என்று கேட்க அவர்களுக்கு உரிமை இருந்தது. நாம் சொல்வது இவ்வளவே: பாடசாலைக் கூரைக்காகப் போராட அறிந்திருந்த திருச்சபைக்கு அரசியல் தெரியாது என்று யாரும் எம்மிடம் சாதிக்கவேண்டா. கூரை தனதாயிருந்தபோது அது விசுவாசம். லயத்தான் கூரையாயிருந்தபோது அது அரசியல்! இந்தப் பாகுபாட்டை எந்த வேதாகமத்திற் கண்டனர்?

இன்னொன்றும் கூறுவோம். கண்டிக்கு மேலே அம்பிட்டியாக் குன்றில், இந்தியாவுக்கும் இலங்கைக்கும் பொதுவாக ஒரு குருமடம் 1893இல் திறக்கப்பட்டது. 1955இல் அது பூனாவுக்குச் சென்றது. அவ்விடத்தில் இன்று தேசிய குருமடம் நடக்கிறது. அக் குருமடத்தை இங்கு நிறுவச் செய்தவர் பாப்பரசர் 13ஆம் சிங்கராயர். அதற்கு இரண்டாண்டுகள் முன்பு, 1891இல், தொழிலாளியின் கூலி, ஓய்வு, சங்கம் சேரும் உரிமை ஆகியவற்றைப்பற்றி உலகத் திருச்சபைக்கே சுற்றுமடல் விடுத்தவரும் அவரே. மடல் எழுதிய கையே குருமடத்தையும் நாட்டிற்று. அக் குன்றிலிருந்து பார்த்தால் நாற்புறமும் தேயிலை மலைகள். மடலை வாசிக்க மாணவர் வெகுதூரம் போகவேண்டியதில்லை. சன்னலைத் திறந்தாற் போதும்.

சன்னலைத் திறந்தவர்களும் இருந்தனர். அவர்களைச் சொல்லாமல் விட்டால் எம் வழக்கு ஒருதலைப்பட்சமாகிவிடும்.

1959 முதற் கண்டியின் ஆயராயிருந்த லியோ நாணயக்கார, 1972இல் புதிதாகப் பிரித்த பதுளை மறைமாவட்டத்துக்குச் சென்றார். பழைய நகரத்தையும் பெரிய பேராலயத்தையும் விட்டு, தோட்டமும் வறிய கிராமமும் நிறைந்த ஊவாவுக்கு ஓர் ஆயர் போவது பதவியுயர்வு ஆகாது. அதே 1972இல் இயேசு சபைக் குருவான போல் கஸ்பர்ஸ் அடிகள் கண்டியிலே 'சத்தியோதய' நிலையத்தைத் தொடங்கினார். உண்மையின் உதயம் என்பது பெயரின் பொருள். முந்திய ஆண்டில்தான் தென்னிலங்கைச் சிங்கள இளைஞர் ஆயிரக்கணக்கில் மாண்டிருந்தனர். கிராமத்துச் சிங்கள ஏழையும் லயத்துத் தமிழ் ஏழையும் ஒருவரையொருவர் பகைவராகக் காணும்வரை இருவருக்கும் விடிவில்லை என்பது அடிகளின் கணிப்பு. சிங்களரும் தமிழரும், கிறிஸ்தவரும் பௌத்தரும் இந்துக்களும் ஒரே கூரையின்கீழ் இருந்து வேலை செய்தனர். 1974இல் தோட்டப் பகுதிகளுக்கான இணைப்புச் செயலகம் உருவாயிற்று. அது எந்தக் காலம்? மாவும் அரிசியும் அருகித் தோட்டங்களிற் பட்டினிச்சாவு நடந்த காலம். 1975இல் கம்பெனித் தோட்டங்கள் தேசியமயமாயின. கண்டி மாவட்டத்திலோ தோட்டங்கள் துண்டாடப்பட்டு, அவற்றில் நான்கு தலைமுறை உழைத்தவர்கள் வெளியே தள்ளப்பட்டனர். கம்பளை, நாவலப்பிட்டிக் கடைவீதிகளிற் கையேந்தி நின்ற அவர்களை எம் கண்ணாற் கண்ட பெரியோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். 1977 மே மாதத்தில் டெல்டாவிலும் சங்குவாரியிலும் லயங்கள் தாக்கப்பட்டன. நுவரெலியாப் பக்கம் டெவனிலே, நிலப்பறிப்பை எதிர்த்து நின்ற சிவனு லட்சுமணன் துப்பாக்கிக்கு இரையானான். இந்நாட்களிலெல்லாம் கணக்கெடுத்து, எழுதி, அச்சிட்டு, இங்கே இது நடக்கிறது என்று நாட்டுக்கும் வெளிநாட்டுக்கும் சொன்ன சிறு கூட்டத்தின் நடுவே இக் குருவானவர் இருந்தார். அவர் தமிழரல்லர் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஆங்கிலத் திருச்சபையிலும் ஒருவர் இருந்தார். கண்டியையும் உள்ளடக்கிய குருநாகல் மறைமாவட்டத்தின் பேராயர் லக்ஷ்மன் விக்கிரமசிங்க. 1983 ஜூலைக் கொடுமை நடந்தபோது அவர் நாட்டில் இல்லை. திரும்பிவந்து, நோயுற்ற உடம்போடு அகதிகளைப் பார்த்தார். பின்பு தம் சபைக்கு ஆற்றிய உரையில், சிங்களக் கிறிஸ்தவன் என்ற முறையில் வெட்கத்தை ஏற்றுத் தமிழரிடம் மன்னிப்பை வேண்டினார். அவ்வாண்டு ஒக்டோபரிலேயே காலமானார். மன்னிப்புக் கேட்ட தலைவர்களை எண்ண இந்நாட்டில் ஒரு கையின் விரல்கள் மிகை.

இனி எம் குற்றச்சாட்டைச் சொல்கிறோம். இவர்கள் நின்ற பிணையைக் கண்டியின் பங்குகளும் சபைகளும் தம்முடையதாக ஏற்றனவா? 'அது கஸ்பர்ஸ் அடிகளின் வேலை' என்று சொல்லித் தப்பிக்கொண்டன. ஒரு நிலையம், ஓர் அடிகள், ஒரு செயலகம்; அவற்றின் கணக்கிலே தம் மனச்சாட்சியை வைப்பிலிட்டுவிட்டு ஞாயிறுதோறும் நிம்மதியாகப் பாடின. வெளிநாட்டு உதவி வரும்வரை நிலையங்கள் நடக்கும். உதவி சுருங்கினால் நிலையங்களும் சுருங்கும். கஸ்பர்ஸ் அடிகள் 2017இல் மறைந்தார். புகழுரைகளுக்குக் குறைவிருக்கவில்லை. புகழுரை பிணையாகாது.

சில ஆண்டுகளுக்கு முன் எம்மிடம் ஒரு வழக்கு வந்தது. வழக்கென்று சொல்வதே மிகை. ஒரு காகிதம் வேண்டும், அவ்வளவுதான். எழுபதைக் கடந்த ஒரு கொழுந்துக்காரி. செக்ரோலில் ஒரு பெயர், மருந்துச்சாலை அட்டையில் ஒரு பெயர், மகளின் விவாகப் பதிவில் இன்னொரு பெயர். பிறப்புப் பதிவு இல்லை. 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் 1964 ஒக்டோபர் 30 முதல் இங்கு நிரந்தரமாக வாழ்ந்த இந்திய வம்சாவழியினரையும் அவர்தம் வழித்தோன்றல்களையும் பிரஜைகளாக்கிவிட்டது. சட்டப்படி அந்த அம்மாள் இந்நாட்டின் பிரஜை. ஆனால் அரசாங்கப் பணம் வாங்கும் மேசைக்கு முன்னால் சட்டம் பேசாது, காகிதம் பேசும். 'நம்ம அப்பா வேதக்காரரா இருந்தாராம், சின்னதுல எனக்கும் தண்ணி தெளிச்சாங்களாம்' என்று அவர் ஒருநாள் தற்செயலாகச் சொன்னார். எமக்கு வயிற்றிற் பால் வார்த்ததுபோலாயிற்று. காலங்கடந்த பிறப்புப் பதிவுக்கு ஞானஸ்நானச் சாட்சிப் பத்திரம் ஒரு துணைச்சான்று.

பழைய தோட்டச் சிற்றாலயத்தின் ஏடுகள் இரண்டு இடங்களில் ஒன்றில் இருக்கவேண்டும். நகரத்திலுள்ள பெரிய ஆலயமொன்றுக்கு மும்முறை போனோம். முதன்முறை எழுதுவினைஞர் இல்லை. இரண்டாம் முறை அலுமாரித் திறப்பு ஆலயக் காரியதரிசியிடம் இருந்தது. காரியதரிசி கொழும்பில் இருந்தார். மூன்றாம் முறை, 'கட்சிக்காரருக்கு ஏடு காட்டினால் நாளைக்கு எங்களுக்குத் தொல்லை வரும்' என்று மிக மரியாதையாகச் சொல்லி அனுப்பினர். அந்த அம்மாளுக்கு மூன்று நாட் 'பேர்' போயிற்று. நகரத்துக்கு வெளியே உள்ள சிறு சபையிலோ, ஓர் இளம் குருவானவர் மாலை ஆராதனை முடிந்து அங்கியைக் கழற்றியதும் கழற்றாததுமாகத் தாமே ஏடுகளைத் தூக்கிவந்து மேசையிற் பரப்பினார். கறையான் அரித்த மூன்று ஏடுகள். இரவு 9 மணிவரை நாம் நால்வர் இருந்து பார்த்தோம். கடைசி ஏட்டில், ஏதோ ஒரு உபதேசியாரின் முத்துப்போன்ற கையெழுத்தில், எல்லாம் இருந்தன: பிறந்த நாள், பெற்றோர் பெயர், தோட்டத்தின் பெயர். தந்தையின் தொழில் என்ற நிரலில் ஒரே சொல்: 'கூலி'.

எந்தச் சொல்லை அவமானமென்று வாழ்நாள் முழுதும் எதிர்த்துவந்தோமோ, அந்தச் சொல்லே அன்றிரவு அந்த அம்மாளின் தந்தை இந்த மண்ணில் உழைத்ததற்குச் சாட்சியாக நின்றது. அவர் அதை வாசிக்கமாட்டார். விரலால் தடவிப் பார்த்தார்.

கண்டிப் பகுதியின் பழைய ஆலயங்களில் இத்தகைய ஏடுகள் இன்னும் எத்தனை அலுமாரிகளுட் கிடக்கின்றன! அவற்றை எழுதிய உபதேசிமார் தாம் ஒரு சட்டச்சான்றை எழுதுவதாக நினைத்திருக்கமாட்டார்கள். கறையான் தின்னும் ஒவ்வொரு தாளிலும் ஒரு குடும்பத்தின் பிரஜாவுரிமை போகிறது என்பதைத் திருச்சபை இன்றேனும் உணரவேண்டும். அலுமாரியைத் திறக்கப் பணம் வேண்டியதில்லை. வெளிநாட்டு உதவி வேண்டியதில்லை. திறப்பு மட்டுமே வேண்டும்.

மொழியை எடுத்துக்கொள்வோம். 1987இன் 13ஆம் திருத்தமும் 1988இன் 16ஆம் திருத்தமும் தமிழையும் அரசகரும மொழியாக்கி முப்பது ஆண்டுகளுக்கு மேலாகின்றன. கண்டியிற் சிங்களத்தில் மட்டும் வந்த கடிதத்தைப் பிடித்துக்கொண்டு கடைக்காரனிடமும் ஓட்டோக்காரனிடமும் காட்டித் திரியும் தமிழனை நாம் நாளும் காண்கிறோம். கண்டியிலிருந்து சில கட்டைத் தொலைவில் பிலிமத்தலாவையிலே, பல புரட்டஸ்தாந்து சபைகள் கூடி 1963இல் நிறுவிய இறையியற் கல்லூரி இருக்கிறது. சிங்களத்திலும் தமிழிலும் குருமாரைப் பயிற்றுவது அது. இருமொழியாரையும் ஒரே சாப்பாட்டு மேசையில் இருத்தும் இடம் இந்நாட்டில் வேறு எத்தனை உண்டு? அங்கு பயின்ற குருவானவர் வாரத்தில் ஒரு பிற்பகலை ஒதுக்கி இக் கடிதங்களை வாசித்துச் சொல்லவும் பதில் எழுதிக்கொடுக்கவும் கூடாதா? பிரசங்கத்திலும் பார்க்க அது குறைந்த ஊழியமென்று நாம் கருதவில்லை.

மலைக்கு ஏறவேண்டியதுகூட இல்லை. மகியாவைக்குச் செல்லுங்கள். கண்டி மாநகரைத் துப்புரவு செய்யும் தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக நெருக்கியடித்து வாழும் இடம் அது. தலதா மாளிகைக்கு அருகே புனித பவுல் ஆலயம் நிற்கிறதே, அங்கிருந்து நடந்தே போகலாம். பெரஹராக் காலத்தில் நகரம் மினுங்குவது அவர்கள் கைகளால். அவர்களோடு ஒரே வாங்கில் இருக்கத் தயங்கும் தமிழர் ஆலயத்திலும் உளர், கோவிலிலும் உளர். இதில் எமக்குள் யாரும் யாரையும் பார்த்துச் சிரிக்க இயலாது.

நிலத்தைப்பற்றி ஒரு சொல். 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டத்துக்குள் சபை தன் நிதியைச் செலவிடத் தடையாயிருந்தது. தோட்டத்தான் வாக்குப் போடலாம். அந்த வாக்கால் வந்த சபை அவன் பாதையைச் செப்பனிட முடியாது! அப் பிரிவு திருத்தப்பட்டது 2018இல்தான். 2015க்குப் பின் 7 பேர்ச் காணியென்று ஒரு திட்டம் வந்தது. சிலருக்கு வீடு கிடைத்தது. பலர் இன்னும் லயத்துக் காம்பராவில். கண்டி, மாத்தளைப் பகுதிகளில் அரச நிறுவனங்கள் வசமிருந்த தோட்டங்களிலோ, தொழிலாளியின் சம்பளத்திற் பிடித்த சேமலாப நிதிப் பணமே ஆண்டுக்கணக்காக நிலுவையில் நின்றது. 2025 நவம்பர் இறுதியில் 'தித்வா' புயல் மழையைக் கொட்டி மலைகளைச் சரித்தபோது, கண்டி மாவட்டம் பட்ட பாட்டை நாம் எழுதவேண்டியதில்லை. அப்போது ஆலயங்களும் சோற்றுப்பொதி சுமந்தன. நாம் கண்டோம், வணங்குகிறோம். ஆனால் இழந்த வீட்டுக்கு இழப்பீடென்று வரும்போது கேட்கப்படும் முதற்கேள்வி, உறுதி யார் பெயரில் என்பது. லயத்தானுக்கு எந்தப் பெயரில் உறுதி? நாபோத்தின் திராட்சைத் தோட்டத்தைப்பற்றிப் பேசாத பாதிரியார் இல்லை. நாபோத்துக்காவது தன் நிலமென்று சொல்ல முன்னோர் வழி உரிமை இருந்தது. அவனைக் கொல்லப் பொய்ச்சாட்சி தேவைப்பட்டது. ஆறு தலைமுறை உழைத்தவனுக்கு ஒரு பேர்ச் இல்லாமற் செய்ய இங்கே பொய்ச்சாட்சியும் தேவைப்படவில்லை; வர்த்தமானியே போதுமாயிருந்தது.

மதமாற்றப் பயம் காட்டுவோர் இதைப் படித்து நெற்றி சுருக்குவர் என்பதை அறிவோம். லயத்து மக்களிற் பெரும்பாலோர் இந்துக்கள். பாதிரியார் காகிதம் எழுதிக்கொடுத்தால் நாளை ஞானஸ்நானம் கேட்பார் என்பது அவர்கள் ஐயம். அந்த ஐயத்துக்கு இடமளித்த ஊழியக்காரர் சிலர் இருந்ததையும் நாம் மறுக்கோம். சமாரியன் அடிபட்டவனிடம் எந்த மலையில் வழிபடுகிறாய் என்று கேட்கவில்லை; காயம் ஆறியபின் கெரிசீம் மலைக்கு வா என்றும் சொல்லவில்லை. சத்தியோதய மாதிரியும் அதுவே. அவ்வழியிற் செல்லும் சபையை யார் தாக்கினாலும் எம் இயக்கம் அதன் முன்னால் நிற்கும். அதே சமயம் எம் வீட்டையும் பார்ப்போம்: மாதந்தோறும் சந்தாப் பணத்தைச் சம்பளத்திற் பிடிக்கும் தொழிற்சங்கங்கள், காரியாலயத்தில் ஒரு பிறப்புப் பதிவுப் படிவத்தை நிரப்பிக் கொடுக்க ஆளில்லாமல் இருக்கின்றன. எம் தோழர்களிலும் மேடைக்கு நூறு பேர், படிவத்துக்கு ஒருவர். இக் குறையை வைத்துக்கொண்டுதான் திருச்சபையைக் கேட்கிறோம். எம் கை சுத்தமாகும்வரை காத்திருந்தால் அந்தக் கொழுந்துக்காரிகள் காத்திருக்கமாட்டார்கள், அவர்களுக்கு வயதாகிறது.

ஆகவே கண்டி, பேராதனை, கட்டுகஸ்தோட்டை, கம்பளை, நாவலப்பிட்டி, தெல்தோட்டைப் பகுதி ஆலயங்கள் அனைத்துக்கும், எச்சபையாயினும், இதழ் வாயிலாக ஒரு வேண்டுகோள் விடுக்கிறோம். அடுத்த மாதத்தின் முதல் ஞாயிறு, ஆராதனையோ பூசையோ முடிந்தபின், ஆலய அலுவலகக் கதவை மூன்று மணிநேரம் திறந்து வையுங்கள். 1948க்கு முற்பட்ட ஞானஸ்நான, விவாக ஏடுகளை மேசைக்குக் கொண்டுவாருங்கள். சிங்களமும் தமிழும் எழுதத் தெரிந்த ஒருவரை இருத்துங்கள். காலங்கடந்த பதிவுப் படிவங்களை எம் சட்டத்தரணிகள் கொண்டுவருவர். சத்தியக்கடதாசிக்குக் கட்டணம் வாங்கமாட்டார்கள். கட்சிக் கொடி கொண்டுவரமாட்டோம். கதவு திறந்த ஆலயங்களின் பெயரை இவ்விதழில் அச்சிடுவோம். திறப்பு கொழும்பில் இருக்கிறது என்று சொல்லும் ஆலயங்களுக்கு, திறப்பு திரும்பிவரும்வரை வாரந்தோறும் ஒரு தபாலட்டை எழுதுவோம்.